அக்காவின் வாயில் நான் போட்ட வார்த்தை

மேடையில் நான் பெண் வேஷம் போட்டு நிற்கும்போது தலையில் ஒரு ஹெல்மெட் இருக்கும். நீலச் சட்டை, அக்குளில் இடுக்கிய கைப்பை, வார் அறுந்த செருப்பு. நான் வாயைத் திறப்பதற்கு முன்பே ஜனங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். மலேசியாவின் ஜொகூரில், செனாயிலிருந்து பாசிர் கூடாங் வரை தமிழர்கள் கூடும் எந்த விருந்திலும் கடைசி வரிசையிலிருந்து யாராவது “ஹெல்மெட் அக்கா!” என்று கத்தாமல் நான் வீடு திரும்பியதில்லை. பதினோரு வருடம் அந்த அக்காதான் எனக்குச் சோறு போட்டாள்.

பார்க்காதவர்களுக்காகக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். நெஞ்சுவலியால் துடிக்கும் அப்பாவை ஓர் அக்கா ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறாள். கவுண்டரில் இருக்கும் மலாய்க்காரரிடம், “அப்பா சாயா சாக்கிட் ஹாத்தி” என்கிறாள். தமிழில் நமக்கு நெஞ்சு ஒன்றுதான். வலித்தாலும் அதே நெஞ்சு, நொந்தாலும் அதே நெஞ்சு. மலாயில் அப்படி இல்லை. நெஞ்சுவலிக்கு ‘சாக்கிட் டாடா’ என்று சொல்ல வேண்டும். ‘சாக்கிட் ஹாத்தி’ என்றால் யார்மேலோ மனத்தாங்கல், உள்ளுக்குள் புகையும் கோபம். ஆக அக்கா சொன்னது, “எங்கப்பா கோவமா இருக்காரு.” கவுண்டர்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “டெங்ஙான் சியாப்பா?” என்பார். யார்மேல் கோபம் என்று அர்த்தம். யார் கூட வந்தாய் என்று கேட்டாலும் மலாயில் அதே இரண்டு வார்த்தைதான். அக்கா அந்த இரண்டாவது அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி, “டெங்ஙான் சாயா!” என்பாள். என்னோடுதான். அதாவது, என்மேல்தான். அந்த இடத்தில் மண்டபம் இரண்டாகப் பிளந்துவிடும்.

வயதான அம்மாக்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் வந்து கையைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, எங்க வீட்டுலயும் இப்படி ஒண்ணு இருக்குலா” என்பார்கள். “ஒங்க சொந்த அக்காவா?” என்று கேட்பார்கள். “சொந்த அக்காதாம்மா, பாசிர் கூடாங்குல எண்ணெய் ஃபேக்டரியில வேல செய்யுது” என்று பெருமையாகச் சொல்வேன். சீ, எழுதும்போதே கை கூசுகிறது.

அக்கா அதைச் சொல்லவில்லை. சொன்னவன் நான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. செனாயில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன் வேலையை விட்டுவிட்டு, இனிமேல் நடிகன்தான் என்று வீட்டில் அறிவித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. என்ன பெரிய நடிகன்! கோயில் திருவிழாவில் மைக் பிடிப்பேன், கல்யாண விருந்தில் மாப்பிள்ளையின் கூட்டாளிகளைக் கலாய்ப்பேன், அவ்வளவுதான். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தார். அம்மா எப்போதோ போய்விட்டாள். என்னைவிட ஏழு வயது மூத்த அக்கா கல்யாணமாகிப் பாசிர் கூடாங்கில் இருந்தாள். உலு திராம் வீட்டில் நானும் அப்பாவும் மட்டும். நான் உள்ளே வந்தால் அவர் வாசலுக்குப் போவார். நான் வாசலுக்குப் போனால் அவர் உள்ளே வருவார்.

ஒருநாள் காலை பசியாறிக்கொண்டிருந்தவர் ரொட்டியைத் தட்டில் வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். முகம் சாம்பலாகிவிட்டது. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அக்காவுக்கு ஃபோன் செய்தேன். ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன்.

மலாய் எனக்குத் தெரியாததல்ல. இந்த நாட்டில் பிறந்து வளர்ந்தவன், பரீட்சையில் நல்ல தேர்ச்சி வேறு. ஆனால் பயம் வந்தால் எனக்குத் தமிழ்தான் வருகிறது. ‘அப்பாவுக்கு நெஞ்சு வலி’ என்று மனசுக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு, அதை அப்படியே மலாயில் புரட்டிப் போட்டேன். கவுண்டரில் இருந்தவர்மேல் குற்றமே சொல்ல மாட்டேன். விடியற்காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ. உதட்டைக் கடித்து அடக்கப் பார்த்தார், முடியவில்லை. விளையாட்டாகத்தான் “டெங்ஙான் சியாப்பா?” என்றார். நான் சொன்ன பதில் உங்களுக்குத் தெரியும். எனக்குப் பின்னால் வரிசையில் நின்றவர்களும் சிரித்துவிட்டார்கள்.

அவர்கள் சிரித்த உடனே என் தப்பு எனக்குப் புரிந்துவிட்டது. அங்கேதான் இருக்கிறது என் கேவலம். புரிந்த அந்த நொடியே, “சாரி என்சே, சாக்கிட் டாடா”, மன்னியுங்கள் ஐயா, நெஞ்சுவலி என்று திருத்திச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. காது மடல் எரிய, மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து அப்பா பக்கத்தில் உட்கார்ந்தேன். வீட்டுக் கோபதாபத்தில் கிழவருக்கு மயக்கம் என்று கவுண்டர்காரர் நினைத்திருப்பார். கொஞ்சம் உட்காருங்கள் என்று கை காட்டினார், உட்கார்ந்துகொண்டேன்.

“என்னா சொன்னாங்க?” என்றார் அப்பா. மூன்று வாரத்தில் அவர் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

“கூப்புடுவாங்களாம்பா.”

பெற்ற தகப்பன் வேர்வையில் நனைந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கிறார். மறுபடியும் எழுந்து போனால் அந்த நாலு பேர் மறுபடியும் சிரிப்பார்களே என்று பயந்து கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நாலு பேரைச் சிரிக்க வைப்பதே தொழில் என்று வேலையை விட்டவன் நான்.

அக்கா ஷிப்டிலிருந்து அப்படியே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டாள். நீலச் சீருடை, கழற்ற மறந்த ஹெல்மெட், கண்ணெல்லாம் தண்ணீர். அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேராகக் கவுண்டருக்குப் போனாள். மலாய்ப் பெண்களோடு பத்து வருடம் ஒரே லைனில் நின்று எண்ணெய் டின் அடைத்தவள். நாலைந்து வாக்கியம்தான் பேசியிருப்பாள், மளமளவென்று. கவுண்டர்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். சக்கர நாற்காலி வந்தது, நர்ஸ் வந்தார், கதவு திறந்தது. அவள் குரல்தான் உடைந்திருந்தது. சொன்னது ஒவ்வொன்றும் சரியாகப் போய்ச் சேர்ந்தது.

அப்பா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஆறு வருடம் இருந்தார். இன்னும் தாமதமாகியிருந்தால் கஷ்டம் என்று டாக்டர் அக்காவிடம் சொன்னபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். நான் கால்மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்ததை அப்போதும் சொல்லவில்லை.

மறுவருடம் ஜொகூர் பாருவில் ஒரு கடைவீட்டு மாடியை வாடகைக்குப் பிடித்து நாங்கள் நாலு பேர் திடீர் நாடகம் போட ஆரம்பித்தோம். எழுதி வைத்த வசனம் கிடையாது, ஒத்திகை கிடையாது. கூட்டத்தில் யாராவது ஓர் இடத்தைச் சொன்னால் அங்கேயே காட்சியைத் தொடங்க வேண்டும். கூட நடிப்பவன் என்ன சொன்னாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. ஆமாம் என்று வாங்கிக்கொண்டு மேலே ஒன்று சேர்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் முன்வரிசையிலிருந்து ஒரு பெண் “ஆஸ்பத்திரி!” என்றாள். ஓரத்தில் யாரோ கழற்றி வைத்திருந்த ஹெல்மெட் கண்ணில் பட்டது. எடுத்து மாட்டிக்கொண்டேன். நண்பன் மேசைக்குப் பின்னால் போய்க் கவுண்டர்காரராக நின்றான். என் வாயிலிருந்து அக்காவின் குரல் தானாக வந்தது.

தானாக வந்ததாம்! அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், கேட்டவர்களிடமும் சொன்னேன். பச்சைப் பொய். ஹெல்மெட்டைக் கையில் எடுத்த நேரத்தில் எனக்கு யோசிக்க ஒரு நொடி இருந்தது. மகனாக நடிக்கலாமா, மகளாகவா? மகனாக நடித்தால் ‘டெங்ஙான் சாயா’ என்ற இடத்தில் என்னால் சிரிக்க வைக்க முடியாது. ஏனென்றால் அப்பாவுக்கு மனத்தாங்கல் உண்மையிலேயே என்மேல்தான். கவுண்டரில் நான் தெரியாமல் சொன்ன பதில் அப்பட்டமான உண்மை. அதை என் சொந்த முகத்தோடு சொல்ல எனக்குத் துப்பில்லை. அக்கா முகத்தை எடுத்து மாட்டிக்கொண்டேன்.

கூட்டம் கைதட்டி ஓயவில்லை. அடுத்த வாரமும் அதையே கேட்டார்கள். திடீர் நாடகத்தில் ஒரு காட்சியைத் திரும்பப் போடுவது தொழில் துரோகம். போட்டேன். கல்யாண விருந்து, தமிழ்ப்பள்ளி நிதி விருந்து, கோயில் ஆண்டு விழா என்று வாய்ப்பு வந்துகொண்டே இருந்தது.

சில மாதம் கழித்து ஒரு பள்ளி விருந்துக்கு அக்கா குடும்பத்தோடு வந்திருந்தாள். நடித்து முடித்து நான் மேடைக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வந்தாள்.

“நான் அப்படியாடா பேசுனேன்?”

“அலமாக், சும்மா ஜோக்குலா அக்கா! நீ இப்ப ஃபேமஸ் ஆயிட்ட தெரியுமா?”

என் மிமிக்ரியைப் பற்றித்தான் கேட்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அவள் என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்தாள். பிறகு, “போடா, நீயும் ஒன் ஜோக்கும்” என்று சிரித்துவிட்டு, எனக்காகக் கட்டி வைத்திருந்த பிரியாணிப் பொட்டலத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

அதன் பிறகு யாரோ அந்தக் காட்சியைப் படம் பிடித்து வெளியே விட்டார்கள். அது ஃபோன் ஃபோனாகப் போய், கடைசியில் அக்காவின் ஆலைக்கும் போய்ச் சேர்ந்தது. நீலச் சீருடையை அடையாளம் கண்டுபிடிக்க எவ்வளவு நேரமாகும்? லைனில் நிற்கும் பெண்கள், “காக், ஹாரி இனி சாக்கிட் ஹாத்தி கே?” என்று அவளைக் கேட்பார்களாம். இன்னிக்குக் கோவமா இருக்கியா அக்கா என்று. லாரி ஓட்டுபவரும் கேட்பாராம், கேன்டீன்காரியும் கேட்பாளாம். ஃபோனில் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். நானும் சிரித்தேன். அக்காவின் ஆலை வரைக்கும் நம் புகழ் போய்விட்டது என்று பூரித்துப்போனேன். மடையன்.

இந்த வருடம்தான் விஷயம் உடைந்தது. அக்கா மகள் இப்போது சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். ஒரு சனிக்கிழமை காலை உலு திராமில் பசியாறலாம் வாங்க மாமா என்று கூப்பிட்டாள். தோசை வந்தது. அவள் தொடவில்லை.

“அம்மாவ மறுபடியும் சூப்பர்வைசர் வேலைக்குக் கேட்டிருக்காங்க, தெரியுமா மாமா?”

“நல்லதுதானேம்மா!”

“போக மாட்டாங்களாம். நாலு வருசத்துக்கு முன்னாடியும் இப்படித்தான். ஃபாரமெல்லாம் குடுத்துட்டு, இன்டர்வியூ அன்னைக்கு டாக்டர்கிட்ட எம்.சி. எடுத்துக்கிட்டு வீட்டுல படுத்துட்டாங்க.”

“அட, எதுக்கு?”

“பெரிய ஆளுங்க முன்னாடி உக்காந்து மலாய்ல பேசணும்ல. நான் வாயத் தொறந்தாலே அவங்களுக்குச் சிரிப்பு வந்துரும்டின்னாங்க. ஏன் வரும்னு நான் ஒங்களுக்குச் சொல்லணுமா மாமா?”

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. “அதுக்கு நான் என்னம்மா பண்றது? அது ஒரு ஜோக்கு! ஊரே சிரிக்குது, ஒங்கம்மாவும்தான் சிரிச்சுது!” என்று கத்தினேன். பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். என்னை அடையாளம் கண்டு, தலையில் ஹெல்மெட் மாட்டுவதுபோல் கையால் காட்டிப் பல்லிளித்தார். அக்கா மகள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

இருபத்திரண்டு வருட வேலை. லைனில் எந்த மெஷின் எப்போது மக்கர் செய்யும் என்று சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மலாயில் பேசித்தான் அத்தனை பேரையும் வேலை வாங்கினாள். நான் போட்ட ஒரு பொய்க் காட்சிக்காக அவள் வாயை மூடிக்கொண்டாள். ஃபாரம் கொடுக்க அந்த மாதக் கடைசி வரை நேரம் இருந்தது. அதற்குள் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். எல்லாருக்கும் முன்னால் பறித்ததை எல்லாருக்கும் முன்னால்தானே திருப்பிக் கொடுக்க வேண்டும்? அப்படி ஒரு நியாயம் பேசிக்கொண்டேன். நேருக்கு நேர் சொல்லப் பயம் என்பதுதான் நிஜம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், உலு திராம் சமூக மண்டபத்தில் ஒரு தீபாவளி விருந்து. அக்காவை நானே போய்க் கூட்டி வந்து மூன்றாவது வரிசையில் உட்கார வைத்தேன். ஹெல்மெட் இல்லாமல், என் சொந்தச் சட்டையோடு மேடையேறினேன். “ஹெல்மெட் எங்கலா?” என்று கத்தினார்கள்.

“இன்னைக்கு ஹெல்மெட் இல்ல. ஒரு உண்மையச் சொல்லப் போறேன். அந்த சாக்கிட் ஹாத்திய எங்கக்கா சொல்லல. நான்தான் சொன்னேன்.”

குபீரென்று சிரித்தார்கள்.

“சிரிக்காதீங்க, நெசமாத்தான். எங்கக்கா நல்லா மலாய் பேசும். நான்தான் ஒளறுனேன். ஒளறிட்டு, வெக்கப்பட்டுக்கிட்டு அப்பா பக்கத்துல சும்மா உக்காந்திருந்தேன்.”

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். ஒருவர் மேசையைத் தட்டினார். மேடை ஓரத்தில் நின்ற என் நண்பன், நான் புதிதாக ஏதோ ஆரம்பிக்கிறேன் என்று நினைத்துத் துள்ளி வந்துவிட்டான். விதிப்படி வாங்கிக்கொண்டு மேலே சேர்த்தான்: “அப்ப அப்பாவுக்கு யாரு மேல கோவம், என்சே?”

“என்மேலதான்” என்றேன். உண்மையிலேயே அழுகை வந்துவிட்டது. மண்டபம் இடிந்து விழுகிற மாதிரிச் சிரிப்பு. என்னத்தைச் சொல்ல? பதினோரு வருடமாக நான் என்ன சொன்னாலும் சிரிக்கப் பழகியவர்கள். இறங்கி வந்தேன். இதுவரை பார்த்ததிலேயே இதுதான் பிரமாதம் என்று ஏற்பாட்டாளர் முதுகில் தட்டினார்.

கீழே அக்காவைச் சுற்றி ஐந்தாறு பெண்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். “அக்கா, ஒரே ஒரு தடவ சொல்லுங்கக்கா!” அக்கா வெட்கத்தோடு முந்தானையைச் சரி செய்துகொண்டு, “அப்பா சாயா சாக்கிட் ஹாத்தி” என்றாள். அவள் பேச்சு அப்படி இராது. இழுவை, ஏற்றம் எல்லாம் நான் மேடையில் செய்து காட்டியது. என்னைப் பார்த்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

காரில் பாசிர் கூடாங் சாலையில் பாதி தூரம் வந்திருப்போம். அக்கா மெல்லக் கேட்டாள்.

“நெசமாவா தம்பி? அது நீ சொன்னதா?”

“ஆமாக்கா.”

“நான் இல்லியா?”

“நீ எங்கக்கா சொன்ன? நீ வர்றதுக்கு முன்னாடியே நான் சொல்லித் தொலச்சிட்டேன்.”

“நான்தான்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்டா இத்தன வருசமா” என்றாள் அக்கா. “அழுதுக்கிட்டே ஓடியாந்தேனா, கவுண்டர்ல என்னா பேசுனேன்னு எனக்கே ஞாபகம் இல்ல. அந்த ஸ்கூல் டின்னர்ல ஒன்னக் கேட்டேன்ல, நான் அப்படியாடா பேசுனேன்னு. நீ இல்லேன்னு சொல்லல. சரி, பதட்டத்துல அப்படித்தான் ஒளறியிருக்கேன் போலன்னு நெனச்சுக்கிட்டேன்.”

வண்டியை ஓரம் கட்டினேன்.

“நீ ரொம்ப நல்லா பேசுனக்கா. நீ பேசுனதாலதான் அப்பா பொழச்சாரு. அம்மா மேல சத்தியமா.”

அவள் முகம் என் பக்கம் திரும்பியது. அப்படி ஓர் ஆசை அந்த முகத்தில்.

“என்னாடா சொன்னேன்? சொல்லேன், கேப்போம்.”

வாயைத் திறந்தேன். அக்காவின் இருமலை, தும்மலை, மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பும்போது முனகுவதை எல்லாம் பிசகாமல் செய்து காட்டுவேன். அன்றைக்கு அவள் நிஜமாகச் சொன்ன நாலைந்து வாக்கியத்தில் ஒரு வார்த்தை கூட எனக்கு ஞாபகமில்லை. நான் போட்ட வசனத்தையே அந்த இடத்தில் சொல்லிச் சொல்லி, உண்மையை நானே அழித்திருந்தேன்.

“அது... நெஞ்சு வலின்னு கரெக்டா சொன்னக்கா. அப்புறம், வேர்க்குதுன்னு... கை மரத்துப் போச்சுன்னு ஏதோ...” என்று இழுத்தேன். அப்போதே கற்பனை செய்கிறேன் என்பது எனக்கே கேட்டது. அவளுக்குக் கேட்காமலா இருக்கும்?

அவள் சிரித்துவிட்டுத் தோளில் தட்டினாள்.

“பரவால்லடா தம்பி. எம் மவதான் ஏதோ சொல்லி ஒன்னப் பயமுறுத்தியிருக்கா. என்னைய தேத்தணும்னு சொல்ற. மேடையிலயும் நல்லாத்தான் நடிச்ச, எனக்கே கண்ணு கலங்கிருச்சு.”

“நடிப்பு இல்லக்கா!”

“சரி சரி, வண்டிய எடு. கொடியில துணி கெடக்குது, மழ வர்ற மாதிரி இருக்கு.”

அடுத்த வாரம் வீட்டுக்குப் போய் மறுபடி சொன்னேன். ஃபோனில் சொன்னேன். அக்கா மகளை விட்டும் சொல்ல வைத்தேன். “நம்புறேன்டா, விடு” என்கிறாள், பிள்ளைகளைச் சமாதானம் செய்கிற குரலில். பொய்யைச் சொன்னபோது ஒரே தடவையில் நம்பினாள்.

மாதக் கடைசி வந்தது, போனது. அக்கா ஃபாரம் கொடுக்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் அக்காவே மெஷின் பழக்கிவிட்ட ஒரு பெண்ணுக்கு அந்த வேலை கிடைத்தது. அவளுக்கு வாழ்த்துச் சொல்ல அக்கா கேசரி கிளறி எடுத்துப் போனாளாம்.

“பொருத்தமான ஆளுதான் தம்பி” என்றாள் என்னிடம். “அந்தப் பொண்ணு நல்லா மலாய் பேசும்.”